கதிரை அடுக்குவதிலிருந்து தொடங்குங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிளாஸ்டிக் கதிரைகளை யார் அடுக்குகிறார்கள் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். பாட, மைக் பிடித்து ஜெபிக்க, சாட்சி சொல்ல ஆட்களுக்குக் குறைவிருக்காது, கதிரை அடுக்கத்தான் எப்போதும் அதே இரண்டு பேர். தாழ்மையைப் பழக ஆசையென்றால் மூன்றாவது ஆளாகப் போய் நில்லுங்கள். ஆண்கள் என்றால் இன்னொரு இடமும் இருக்கிறது: ஐக்கிய விருந்து முடிந்த பிறகு குசினி. சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று ஊழியத்தைப் பற்றிக் கதைக்கிற நேரத்தில் நாலு சட்டி கழுவலாம்.

கடைசி இராப்போஜனத்தில் சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதப்பட்டார்கள் என்று லூக்கா 22இல் இருக்கிறது. அதே இரவில்தான் இயேசு துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்களுடைய கால்களைக் கழுவினார், அப்போது யூதாசும் அங்கேதான் இருந்தான், அவன் எழுந்து வெளியே போனது பிறகு. ஆக, உங்களைப் பற்றிக் கோள் சொன்னவரின் பிளேன்டீக் கோப்பையும் உங்கள் பங்கில் வரும். நான் இதில் இன்னும் தேறவில்லை.

சரி, சபைக்கு வெளியே? கொழும்பில் இருக்கிற தமிழருக்கு, அதுவும் சிங்களம் நன்றாக வருமென்றால், ஆஸ்பத்திரிக்குத் துணை போவதுதான் நல்ல வேலை. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் மட்டும்தான். முதல் நாளே போன் எடுத்து கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட், பாவிக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு போத்தல் தண்ணீர், ஏதாவது சாப்பாடு. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற துணை நோயாளிக்குப் பாரம். உள்ளே போனதும் டொக்டர் கேட்பதை நோயாளியிடம் அப்படியே கேளுங்கள், அவர் சொல்லும் பதிலை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், சொந்தக் கருத்து வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பட்டுத்தான் படித்தேன். ஒரு கிளினிக்கில், அம்மா ஒருவருக்காக நானே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், சாப்பாடெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றுகூட. வெளியே வந்து வாங்கில் இருந்ததும் அவர் மெதுவாக, "தம்பி, நான் ஒரு கிழமையா கஞ்சிதான் குடிக்கிறன், நீங்க என்னட்டக் கேக்கவேயில்லை" என்றார். திரும்பவும் வரிசையில் நின்று, அதைச் சொல்லிவிட்டு வந்தோம்.

உலர் உணவுப் பொதி கொடுக்கிறவர்கள் கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், தயவுசெய்து. காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது நியாயம்தான், அதற்குக் கட்டி அடுக்கிய பொதிகளையும் பில்லையும் எடுத்து அனுப்பினால் போதும், வாங்குகிறவரின் முகம் எதற்கு? அவர் எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தவரா என்ற விசாரணையும் வேண்டாம். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி ஆட்கள் ஊரைவிட்டு ஓடியபோது, கத்தோலிக்கக் குருவான ஜோசப் வாஸ் அடிகள் அங்கேயே நின்று நோயாளிகளைப் பார்த்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார், அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களே அல்ல. 2015 ஜனவரி 14 காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும், இந்தப் பெரியம்மைக் கதைதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்புறம், கொடுப்பதைவிட எனக்குக் கஷ்டமானது வாங்குவது. என் கால்களை நீர் கழுவவே கூடாது என்று மறுத்த பேதுரு நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறார். காய்ச்சலில் படுத்திருக்கும்போது பக்கத்து வீட்டு அன்ரி சூப் கொண்டு வந்தால், "ஐயோ, ஏன் கஷ்டப்பட்டீங்க" என்று பத்துத் தடவை சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதென்று அந்தக் காய்ச்சலோடேயே வட்டிலப்பம் செய்யவும் ஓடாதீர்கள்.