ஜப்பானியக் கிராமத்துப் பேய்ப்படம் பார்ப்பது எப்படி: 'இனுகாமி'யை முன்வைத்து

குடும்பச் சாபம், ஊர் நம்பிக்கை இரண்டையும் வைத்து ஜப்பானில் எடுத்த படங்களில் முதலில் பார்க்க வேண்டியது 2001-இல் மசாத்தோ ஹராதா இயக்கிய 'இனுகாமி'. இனுகாமி என்றால் நாய்த் தெய்வம். தேடும்போது கவனம் தேவை. 1976-இல் கொன் இச்சிகாவா எடுத்த 'இனுகாமி-கே நோ இச்சிசோகு' என்ற படமும் உண்டு. அதில் இனுகாமி என்பது வெறும் குடும்பப் பெயர். சொத்துக்காக விழும் கொலைகளைத் துப்பறிகிற கதை அது. அதைப் போட்டுவிட்டு "நாய்த் தெய்வம் எங்கே?" என்று கடைசிவரை காத்திருக்க வேண்டாம். 2001 படத்தின் களம் ஷிகோக்கு தீவில் உள்ள கோச்சி மாவட்டத்து மலையூர்.

பார்க்க உட்காரும் முன் மூன்று ஜப்பானியச் சொற்களைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ததாரி, நொரோய், ட்சுகி. ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடும். படம் புரியாமல் போவது இங்கேதான். தமிழில் யோசித்தால் சிக்கல் உடனே அவிழும். ததாரி என்பது தெய்வக் குற்றம்: அவமதிக்கப்பட்ட தெய்வமோ, அநியாயமாகச் செத்தவரோ கோபம் கொள்வது. நொரோய் என்பது செய்வினை: ஒரு மனிதர் இன்னொருவர் மேல் வேண்டுமென்றே ஏவுவது. நள்ளிரவு தாண்டி, கோயில் மரத்தில் வைக்கோல் பொம்மையை வைத்து ஆணி அடிக்கும் சடங்கு இந்த வகை. ட்சுகி என்பது ஆவி ஒருவரைப் பிடித்துக்கொள்வது. படத்தில் யாராவது இந்தச் சொற்களில் ஒன்றைச் சொன்னதும் நிறுத்தி, எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ததாரி என்றால் பழைய குற்றத்தைத் தேடுங்கள். நொரோய் என்றால் எதிரியைத் தேடுங்கள். ட்சுகி என்றால் வம்சத்தைத் தேடுங்கள்.

இனுகாமி மூன்றாவது வகை. நாயைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, எட்டாத தூரத்தில் சோற்றை வைத்து, பசி உச்சத்தில் இருக்கும்போது தலையை வெட்டி, அந்த ஆவியைக் குடும்பத்துக்குக் கட்டுப்படுத்தினார்கள் என்பது மேற்கு ஜப்பானில், குறிப்பாக ஷிகோக்குவில், வழங்கி வந்த நம்பிக்கை. இது பெண்வழியில் இறங்கும். மகளுக்குக் கல்யாணமானால் அவளோடு புகுந்த வீட்டுக்கும் போகும் என்றார்கள். அதனால்தான் பெண் எடுக்கும் முன் 'சுஜி', அதாவது வம்சவழி, விசாரிப்பார்கள். அப்படிப் பேர் வாங்கிய வீட்டில் சம்பந்தம் வைக்க மாட்டார்கள்.

இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுக்காரர் ஏவவே வேண்டியதில்லை. அடுத்தவரின் விளைச்சலையோ பட்டுத்துணியையோ பார்த்து மனசில் ஒரு பொறாமை எழுந்தால் போதும், ஆவி தானாகப் போய் அந்த ஆளைப் பிடிக்கும் என்பதே நம்பிக்கை. ஆக அந்தக் குடும்பத்துப் பெண் தன் மனசையே காவல் காத்தபடி வாழ வேண்டியிருக்கிறது. நாயகி மிகி ஏன் அவ்வளவு அடங்கி ஒதுங்கி இருக்கிறாள் என்பதற்கு விடை இதுதான். இதைத் தெரியாமல் பார்த்தால் முதல் பாதி வெறும் மந்தமாகத் தோன்றும்.

அடுத்து, ஒரு தாளும் பென்சிலும். நடுவில் மிகியின் போனோமியா குடும்பத்தை எழுதி, ஒவ்வொருவரும் யாருக்கு என்ன முறை என்று கோடு போடுங்கள். மூல வீடு 'ஹொன்கே', பிரிந்து போன வீடு 'புன்கே'. முன்னோர் சடங்கில் மூல வீட்டார் பேச்சுத்தான் எடுபடும். ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். சப்டைட்டிலில் அது பின்னால் வரலாம். அதைக் கவனிக்காமல் ஒரே ஆளை இரண்டு பேராக எழுதிவிடுவது வழக்கமான பிசகு. முதல் 20 நிமிடத்தைப் பார்த்து முடித்ததும் தாளைச் சரிபார்த்து, விட்டுப்போன பெயர் இருந்தால் அந்தப் பகுதியை மறுபடி பாருங்கள். யார் யாருக்குப் பிறந்தார் என்பதில்தான் இந்தப் படத்தின் முடிச்சே இருக்கிறது.

மிகி காகிதம் செய்யும் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். கோச்சியின் பழைய பெயர் தோசா. தோசா காகிதம் ஜப்பான் முழுக்கப் பேர்போனது. கோசோ மரப்பட்டையை வேகவைத்து, குளிர்ந்த ஓடும் தண்ணீரில் அலசி, தூசியைக் கையால் பொறுக்கி, அடித்து நாராக்குவார்கள். தொட்டித் தண்ணீரில் தொரோரோ-ஆவோய் என்ற செடியின் வேர்ப்பசையைக் கலப்பார்கள். வெண்டைக்காய்க் குடும்பத்துச் செடி, அதே வழவழப்பு. அந்தப் பசை நாரை அடியில் தங்கவிடாது. சட்டத்தை முக்கி எடுத்து முன்னும் பின்னும் ஆட்டும்போது, கலங்கிய நீரிலிருந்து மெல்லிய வெள்ளைத் தாள் உருவாகி வரும். ஊர் தீட்டு என்று ஒதுக்கும் பெண்ணின் கையிலிருந்து அப்பழுக்கில்லாத வெள்ளை வருகிறது. பயத்தைவிட இந்தக் காட்சிதான் மனசில் தங்க வேண்டும்.

வீட்டுக்குள் கண் எங்கே போக வேண்டும்? உயரத்தில் இருக்கும் பலகை 'கமிதானா', தெய்வங்களுக்கு. கதவுள்ள மாடம் 'புத்சுதான்', செத்தவர்களுக்கு. யார் எதன் முன் உட்காருகிறார் என்று பாருங்கள். சோற்றில் சாப்பிடும் குச்சி நட்டு நின்றால் அது இறந்தவருக்கு வைத்த படையல். தலையணை வடக்கே இருந்தால் படுத்திருப்பது பிணம், அல்லது பிணமாகப் போகிறவர். கிமோனோவில் உயிரோடு இருப்பவருக்கு இடப்பக்கத் துணி மேலே வரும். எதிரிலிருந்து பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம். மாறியிருந்தால் சவத்துக்கு உடுத்திய விதம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில் இது தலைகீழாகும், ஏமாந்துவிட வேண்டாம்.

சத்தத்தை ஹெட்போனில் கேளுங்கள். வாக்கிய முடிவில் 'ஸெயோ' என்றோ, 'அதனால்' என்பதற்கு 'கி' என்றோ வந்தால் அது தோசா வட்டார வழக்கு. அது இல்லாமல் பேசுபவர் வெளியாள். சப்டைட்டிலில் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

அடுத்த படமாக 1977-இல் யோஷிதாரோ நொமுரா எடுத்த 'யாட்சுஹாகா-முரா'வை வைத்துக்கொள்ளுங்கள். 1566-இல் தோற்று ஓடிவந்த 8 வீரர்களை ஊரார் வஞ்சகமாகக் கொன்ற பழி தலைமுறைகளைத் துரத்தும் கதை. "ததாரி ஜா!" என்ற கூக்குரல் அந்தப் படத்தால் ஜப்பான் முழுக்கப் பரவியது. ஒரே இரவில் ஊரையே வெட்டிச் சாய்க்கும் காட்சிக்கு, 1938 மே மாதம் ஒகயாமா மாவட்டத்து மலைக்கிராமத்தில் 30 பேர் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம் அடிப்படை. இரண்டரை மணி நேரப் படம். இரவு 9 மணிக்கு முன்பே தொடங்குங்கள், தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.