ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஜெர்மனிக்கு வந்ததும் பழைய டீசல் கார் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறீர்களா? நவம்பர் பிறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ டீசல் வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு இங்கே புதிதாக வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: சாவியைத் திருப்பியதும் சற்றுப் பொறுப்பது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தட்டும் பிளக் கிடையாது. காற்றை நெருக்கும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. உறைபனி பெய்த காலையில் அந்தச் சூட்டைக் குளிர்ந்த உலோகமே விழுங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் குளோ பிளக். நம் ஊர் மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்வது இதைத்தான். சாவியைப் பாதி திருப்பினால் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு, கிளட்சை முழுவதும் மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சை மிதித்தால் கியர்பெட்டியில் கெட்டிப்பட்ட எண்ணெயையும் சேர்த்துச் சுற்றும் வேலை ஸ்டார்ட்டருக்கு இல்லை. ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

பத்து விநாடிக்குள் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு, அரை நிமிடம் விட்டு, மறுபடியும் விளக்கிலிருந்து தொடங்குங்கள். விடாமல் சுற்றினால் பேட்டரி தீரும், ஸ்டார்ட்டர் சூடேறும், வேறு பயனில்லை. குளிர் பேட்டரியின் பலத்தைக் குறைக்கிறது. அதே குளிர் எஞ்சின் எண்ணெயைக் கெட்டியாக்கி வேலையைக் கூட்டுகிறது. ஐந்தாறு வயதான பேட்டரியை அக்டோபரிலேயே பரிசோதித்துவிடுவது நல்லது. பழுதான குளோ பிளக் கோடையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. முதல் உறைபனியன்று எஞ்சின் குலுங்கி, வெள்ளைப் புகை கக்கினால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி டேங்கில் இருப்பதைப் பற்றி. புதிதாக வருபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல அது குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இதற்காகவே ஜெர்மன் பெட்ரோல் பங்குகளில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி முடியும்வரை குளிர்கால டீசல் விற்கிறார்கள்; அது மைனஸ் 20 பாகை வரை வடிகட்டியைக் கடக்க வேண்டும் என்பது தரவிதி. கோடை டீசலுக்கு அந்த எல்லை பூஜ்ஜியம்தான். வண்டியை அதிகம் எடுக்காதவர்களின் டேங்கில் செப்டம்பர் டீசல் டிசம்பரிலும் கிடக்கும். அதைக் குறைத்துவிட்டு, குளிர்கால டீசலை நிரப்பி, குழாய்களுக்குள் அது போய்ச் சேரும்வரை சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

மெழுகு அடைத்த வண்டி பல நேரம் ஸ்டார்ட் ஆகிவிடும். சற்று தூரம் போய், இழுவை குறைந்து, நடுவழியில் நின்றுவிடும். அப்போது சாவியோடு மல்லுக்கட்டாதீர்கள். வெதுவெதுப்பான கராஜுக்கு இழுத்துச் சென்று உருகவிடுவதே வழி. டீசலில் கொஞ்சம் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கச் சொல்லும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த யோசனை பழைய எஞ்சின்களோடு போயிற்று. இன்றைய உயர் அழுத்த பம்புக்கு டீசலே உயவு எண்ணெய். பெட்ரோல் கலந்தால் பம்பே தேய்ந்துபோகும். புகையிலுள்ள நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்புளூ திரவம் மைனஸ் 11 பாகையில் உறையும். அதற்குக் கவலை வேண்டாம், அதன் டேங்கிலேயே சூடேற்றும் கருவி இருக்கிறது. அதைத் தப்பித்தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிடாமல் இருந்தால் போதும்.

ஸ்டார்ட் ஆனதும் நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிப் பனியைச் சுரண்டுவது இங்கே சட்டப்படி குற்றம். 80 யூரோ வரை அபராதம் வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது பிடிக்காது. எஞ்சினுக்கும் அதனால் நன்மை இல்லை, சும்மா நிற்கும் டீசல் எஞ்சின் சூடாக வெகுநேரம் பிடிக்கும். முதலில் எல்லாக் கண்ணாடிகளையும் முழுவதும் சுரண்டுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்து உடனே கிளம்புங்கள். முதல் பத்து கிலோமீட்டருக்கு முடுக்கிவிடாமல் ஓட்டினால் எண்ணெய் தானாகச் சூடேறிவிடும்.

பேட்டரி செத்தேவிட்டால், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கித் தரும் ஜம்பர் கேபிள்தான் வழி. சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை உதவும் வண்டியின் பிளஸில். கறுப்பை உதவும் வண்டியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை உங்கள் எஞ்சினின் வெற்று உலோகத்தில் கவ்வவிடுங்கள், பேட்டரிமேல் வேண்டாம். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. டீசலைச் சுற்ற அதிக மின்னோட்டம் தேவை. ஆகவே கேபிள் வாங்கும்போது தடிமனானதாகப் பார்த்து வாங்குங்கள்.