பழந்தமிழ் வரிகளை மேற்கோள் காட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமண அழைப்பிதழின் முகப்பிலும், பள்ளி ஆண்டு விழா மேடையிலும், அன்னதானப் பந்தலின் முன் கட்டிய பதாகையிலும், வாட்ஸ்அப்பில் அன்றாடம் வந்துசேரும் காலை வணக்கங்களிலும் சங்கப் பாடல் வரிகளும் குறள் அடிகளும் இன்று தாராளமாகப் புழங்குகின்றன. இது மகிழ்ச்சிக்குரியது, இத்தனை பழமையான தொடர்கள் மக்களின் வாயில் இன்னும் வாழ்வது எல்லா மொழிக்கும் வாய்த்த பேறு இல்லை. ஆயினும் ஒரு வரியைப் பாட்டிலிருந்து பிரித்தெடுக்கும்போது, அதைச் சொன்னவர் யார், யாரை நோக்கிச் சொன்னார், எந்த வேளையில் எதை வேண்டிச் சொன்னார் என்பவை பாட்டிலேயே தங்கிவிடுகின்றன. வெறும் சொற்களாக வந்துசேரும் அந்த வரிக்கு நாம் நம் சூழலிலிருந்து ஒரு பொருளை ஏற்றிவிடுகிறோம். பல நேரங்களில் அது பாடியவர் கருதியதற்கு வெகு தொலைவில் நிற்கிறது.

சொல்லின் பொருள் இடத்தையும் ஆளையும் பொறுத்தது என்பதை நம் இலக்கணிகள் நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளாக எண்ணும் 34இல் எழுத்து, அசை, சீர், அடி ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. அவற்றுள் ‘முன்னம்’ என்ற உறுப்பை, ‘இவ்விடத்து இம்மொழி இவர்இவர்க்கு உரிய’ என்று அறிந்து அவ்விடத்தில் அவரவர்க்குத் தகப் பேசுவது என்று அவர் விளக்குகிறார். சீரையும் அடியையும் போலவே கேட்பவரும் களமும் செய்யுளின் உறுப்பு என்றால், ஒற்றை வரியைத் தனியே எடுத்தாள்பவர் செய்யுளின் உறுப்புகள் சிலவற்றை விட்டுவிட்டே எடுக்கிறார் என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறு, வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பாட்டை ஒருமுறையும் படிக்காமல் இருப்பது. ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்ற அடியை எடுத்துக்கொள்வோம். அன்னதானத்தின் சிறப்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வரி இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். பலரும் இதைப் புறநானூற்று வரி என்று குறிப்பிட்டே எடுத்தாள்கிறார்கள். புறநானூற்றின் 18ஆம் பாட்டில் இது வருவது உண்மைதான். ஆனால் அங்கே பசித்தவர் எவரும் இல்லை, சோறிடுபவரும் இல்லை. குடபுலவியனார் என்ற புலவர், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் முன் நின்று பேசுகிறார். மறுமைச் செல்வம் வேண்டுமானாலும், பிற வேந்தரை வென்று நீ ஒருவனே ஆள வேண்டுமானாலும், அழியாப் புகழ் வேண்டுமானாலும் அதற்குத் தகுதியான செயல் எது என்று கேள் என்று தொடங்கி, நீரின்றி அமையாத இந்த உடம்புக்கு உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர் என்கிறார். அதோடு நிற்காமல் அந்த உணவு என்பது என்ன என்று அடுத்த படிக்குப் போகிறார்: ‘உணவெனப் படுவது நிலத்தொடு நீரே’. ஆகவே நிலத்தையும் நீரையும் சேர்த்துவைத்தவர்களே உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் புன்செய் எவ்வளவு பரந்து கிடந்தாலும் ஆளும் அரசனின் முயற்சிக்கு உதவாது. பள்ளமான இடங்களில் கரை கட்டி நீரைத் தேக்கியவர்களே இவ்வுலகில் தம் பெயரை நிறுத்தியவர்கள். பாட்டு முழுவதும் நீர்நிலை கட்டச் சொல்லி, வென்று வந்த ஓர் அரசனிடம் வைக்கும் கோரிக்கை. நாம் முழக்கமாக எடுத்துக்கொண்ட வரி, அந்த நீண்ட வாதத்தில் ஒரு படி மட்டுமே.

இதே அடி மணிமேகலையிலும் வருகிறது. மணிபல்லவத் தீவில் அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்த பின், பசிப்பிணியின் கொடுமையை அவளுக்கு எடுத்துரைக்கும் அத்தீவின் காவல் தெய்வமான தீவதிலகை, கைம்மாறு செய்ய வல்லவர்க்குக் கொடுப்போர் அறத்தை விலைபேசுவோர், ஆற்றாதவர்களின் பசியைக் களைவோரிடத்திலேயே உலகின் மெய்யான வாழ்க்கை நிற்கிறது என்று சொல்லி, ‘மண்திணி ஞாலத்து வாழ்வோர்க் கெல்லாம் உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்று முடிக்கிறாள். இங்கே நீருக்கும் ஏரிக்கும் இடமில்லை. பசித்த வயிறு மட்டுமே கண்முன் நிற்கிறது. சொல்லில் வேறுபாடு இல்லை. புலவன் வேந்தனிடம் சொன்னபோது அந்த அடி நீர்ப்பாசனத்தைப் பேசியது. தீவதிலகை ஓர் இளம் பெண்ணின் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னபோது அது பசியைப் பேசியது. அன்னதானப் பந்தலில் இந்த வரியை எழுத விரும்புவோர் மணிமேகலை என்று குறிப்பதே முறை. புறநானூற்றின் பெயரோடு எழுத வேண்டிய இடம் ஏரி தூர்வாரும் ஊர்க்கூட்டம். அங்கே இதை எழுதி நான் கண்டதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பாட்டைப் படிக்காத பிழைக்கு அடுத்தபடியாக, வாக்கியத்தையே பாதியில் நறுக்கும் பிழை உண்டு. ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்று ஒரு சிறு பொய்க்குச் சமாதானம் சொல்பவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்ற எஞ்சிய பகுதி குறளின் நிபந்தனை. குற்றமற்ற நன்மை விளையுமானால் மட்டுமே பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் இதற்கு உரை எழுதுகையில் கேடோ சாவோ நேரவிருந்த ஓர் உயிர் அதனால் தப்பிப் பிழைப்பதையே அந்த நன்மையாக எடுத்துக்காட்டுகிறார். அலுவலகத்துக்குத் தாமதமாக வந்ததற்குச் சொல்லும் காரணம் அந்த வரம்புக்குள் வராது. இந்தக் குறள் ‘வாய்மை’ அதிகாரத்தில் இரண்டாவதாக நிற்கிறது. அடுத்த குறளே ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று கட்டளையிடுகிறது. துறவறவியலில் வைக்கப்பட்ட அதிகாரம் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வள்ளுவர் பொய்க்கு எத்தனை குறுகிய வாயிலைத் திறந்துவைத்தார் என்பது விளங்கும்.

வள்ளுவரின் ஒரு குறளை அவருடைய முழுக் கருத்தாக நிறுத்துவதும் இதைச் சார்ந்த தவறே. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்டவரும், ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்று உறுதி சொன்னவரும் ஒருவரே. முன்னது விதியைப் பேசும் ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள். பின்னது விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள். ஒன்றை மட்டும் காட்டி வள்ளுவரை விதிவாதி என்பதும், மற்றதை மட்டும் காட்டி விதியை மறுத்தவர் என்பதும் நூலுக்கு நியாயம் செய்யாது.

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற அடி உலகச் சகோதரத்துவத்தின் முழக்கமாகிவிட்டது. அந்தப் பொருள் அதில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணியன் பூங்குன்றனார் பாடிய 13 அடிகளில் இது முதலடி மட்டுமே. தீதும் நன்றும் பிறர் தர வருவன அல்ல, சாவு புதியது அன்று, வாழ்வு இனிது என்று மகிழ்வதும் இல்லை, வெறுத்து இன்னாது என்று ஒதுக்குவதும் இல்லை என்று பாட்டு மேலே செல்கிறது. மழை பெய்து பெருகி, கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீரின் வழியே போகும் புணை என்னும் தெப்பத்தைப் போல உயிரும் முறைவழியே போகும் என்று தெளிந்துவிட்டதால், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. எல்லோரும் உறவினர் என்ற கூற்று இங்கே விருந்தோம்பலிலிருந்து பிறக்கவில்லை. மனிதர் எவரும் தம் போக்கைத் தாமே முழுதாக ஆள்வதில்லை என்ற தெளிவிலிருந்து பிறக்கிறது. அந்தக் கடைசி இரண்டு அடிகளின் கண்டிப்பு, முதலடியை மட்டும் மேடையில் முழங்கும்போது காணாமல் போகிறது. பெரிய மனிதர்களை வரிசையாகப் புகழ்ந்து வரவேற்கும் விழாவில் இந்த அடியை எடுத்தாள்பவர், பெரியோரை வியத்தலும் இலமே என்று அதே பாட்டு சொல்வதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அகப்பாடல்களில் நேரும் தவறு வேறு வகையானது. அங்கே பேசுபவர் புலவர் அல்லர். தலைவியோ, தலைவனோ, தோழியோ, செவிலியோ பேசுகிறார். அகத்தில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதிக்கிறது. எனவே குறுந்தொகைப் பாட்டைப் புலவரின் சொந்தக் காதல் வாக்குமூலமாகப் படிப்பது அடிப்படையிலேயே பிழை. ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்ற மூன்றாம் பாட்டைக் காதலின் பெருமையைப் பாடும் வெறும் வருணனையாகக் கொள்கிறோம். யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பாட்டின் கீழே சொல்லும் துறைக் குறிப்பு காட்டும் காட்சி இன்னும் கூர்மையானது: தலைவன் வேலிப்புறத்தே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்; அவன் விரைவில் மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி வேண்டுமென்றே அவனைப் பழித்துப் பேசுகிறாள்; தலைவி அதை மறுத்து அவனோடு கொண்ட நட்பின் அளவைச் சொல்கிறாள். தோழியிடம் பேசுவதுபோல் வரும் சொற்கள் வேலிக்கு அப்பால் நிற்பவன் காதிலும் விழுகின்றன. நிலம், வானம், நீர் என்ற மூன்று அளவைகளும் அவன் மேல் பொறுப்பாக ஏறுகின்றன.

‘யாயும் ஞாயும் யாராகியரோ’ என்ற 40ஆம் பாட்டின் நிலையும் இதுவே. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்ட தலைவன் அவளைத் தேற்றிச் சொல்வது அது. என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர் என்று கேட்கும் அந்தப் பாட்டை, அத்தை மகளையும் மாமன் மகனையும் சேர்க்கும் திருமண அழைப்பிதழில் அச்சிடுவது பொருந்தாது. முன்பின் அறியாத இருவர் தாமே கண்டு சேர்ந்த மணமானால், அதற்கு இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது.

பெற்றோர் கூட்டங்களில் ஒலிக்கும் ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ பொன்முடியார் பாடியது. வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன், யானையை வீழ்த்தி மீள்வது காளையின் கடன் என்று போகும் போர்க்குடிப் பாட்டு அது. பள்ளிக்கு வேண்டுமானால் ‘சான்றோன் எனக்கேட்ட தாய்’ என்ற குறள் இருக்கிறது. ஆசிரியர் பெயரிலும் கவனம் வேண்டும்: அதியமானைப் பாடிய சங்க கால ஔவையாரும், நூற்றாண்டுகள் பின்னர் ஆத்திசூடி தந்த ஔவையாரும் ஒருவர் அல்லர்.

எச்சரிக்கையும் அளவு மீறக் கூடாது. பாட்டின் கீழ் உள்ள திணை, துறைக் குறிப்புகள் பாடியவரே எழுதியவை அல்ல. பின்னர் தொகுத்தோர் சேர்த்தவை என்பதே பெரும்பாலோர் கருத்து. அவை நம்பத்தக்க வழிகாட்டிகள். ஆயினும் பாட்டு வேறொரு களத்தைத் தெளிவாகக் காட்டினால் பாட்டைத்தான் பின்பற்ற வேண்டும். பழைய வரியைப் புதிய இடத்தில் வைப்பதே பிழை என்று சொல்லவும் இடமில்லை. மணிமேகலையில் அந்த அடி புதிய களத்தில் முழுமையாக வேரூன்றியிருக்கிறது, ஏனெனில் அதைச் சுற்றியுள்ள வரிகள் அனைத்தும் அந்தப் புதிய பொருளைத் தாங்கி நிற்கின்றன.

நடைமுறையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. வரியோடு நூற்பெயரையும் பாட்டு எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். குறளானால் அதிகாரப் பெயரும் இருக்கட்டும். உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்ட புறநானூறு முதல் இன்றைய மலிவுப் பதிப்புகள் வரை பாட்டின் அடியிலேயே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய விவரங்கள் கிடைக்கின்றன. பதாகைக்கு வரி தேடும்போது அந்தச் சிறிய எழுத்துக் குறிப்பையும், வரிக்கு முன்னும் பின்னும் உள்ள அடிகளையும் படித்துவிட்டு, அதன் பிறகு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.