விழுந்த ஸ்கூட்டி திரும்ப ஓடியது

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில், கிரவல் ஒழுங்கை ஒன்றில் திரும்பும்போது ஸ்கூட்டி சறுக்கிச் சரிந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நிமிர்த்தி ஸ்டார்ட் பண்ணினால் சுற்றியதே தவிர எடுக்கவில்லை. பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது.

வண்டி சரியும்போது காபரேட்டரில் (பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பாகம்) நிற்கும் பெற்றோல் எஞ்சினுக்குள் வழிந்து, தீப்பொறி தரும் பிளக்கை நனைத்துவிடும். அந்த நேரம் சோக் இழுக்கவே கூடாது. இன்னும் பெற்றோல்தான் உள்ளே போகும்.

சாவியை மூடி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பாலைமர நிழலில் கால் மணித்தியாலம் இருந்தேன். பிறகு அக்சிலேற்றரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்தேன். அப்போதும் இல்லை.

சரி, பிளக்கைக் கழற்றுவோம் என்று சீட்டுக்கு அடியில் இருந்த பிளக் கழற்றும் சாவியை எடுத்தேன். (அந்தப் பிளக் சாவி எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். அந்தப் பக்கம் கராஜ் தேடி நெடுந்தூரம் தள்ள வேண்டும்.) பிளக்கின் நுனி முழுக்க ஈரம். துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். வண்டிச் சாவி மூடியபடியே, பிளக் இல்லாமல் பத்துத் தடவை உதைத்து, உள்ளே நின்ற பெற்றோலை வெளியேற்றினேன். பிளக்கைப் பூட்டியபின் இரண்டாவது உதையில் எடுத்தது. கொஞ்சம் புகை வந்து அடங்கியது.

புறப்படுமுன் ஒயில் அளவு, பிரேக், அக்சிலேற்றர் தானாகத் திரும்புகிறதா என்று மூன்றையும் பார்த்தேன். பிரேக் லீவர் சற்று வளைந்திருந்தது. ஒட்டுசுட்டான்வரை மெதுவாகவே ஓடினேன்.