எறிபொருள் கணக்கு: தாளை இரண்டாகப் பிரித்துத் தொடங்குங்கள்

திசைவேகத்தைக் கூறுகளாகப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே கொள்வோம்; 9.8 என்று கொண்டால் விடை சற்று மாறுமே தவிர, வழிமுறை மாறாது.

படி 1: தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கத்தைக் கிடைத்தள இயக்கத்துக்கும் வலப்பக்கத்தைச் செங்குத்து இயக்கத்துக்கும் ஒதுக்குங்கள். கையை விட்டு அகன்ற பொருளைப் புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுப்பதால், இடப்பக்கத்தில் முடுக்கம் சுழி. அங்கே வேகம் கடைசிவரை மாறுவதில்லை.

படி 2: 15 மீட்டர் உயரத்திலிருந்து, கிடைத்தளத்துக்கு 30 பாகை மேல்நோக்கி, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்து எறியப்படுகிறது என்க. இடப்பக்கம் 17.32, வலப்பக்கம் 10 என்று எழுதியவுடன், 20 என்ற எண்ணை அடித்துவிடுங்கள். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், செங்குத்துச் சமன்பாட்டில் தவறாமல் வந்து புகுந்துகொள்ளும்.

படி 3: வலப்பக்கத்திலிருந்து நேரத்தைக் கண்டுபிடியுங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், இங்கே அவசரப்பட வேண்டாம். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், தொடக்க வேகம் +10, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15. பந்து முதலில் மேலே போகிறதே, அந்த உயரத்தையும் சேர்க்க வேண்டாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. இடப்பெயர்ச்சி என்பது கடந்த பாதையின் நீளம் அன்று. புறப்பட்ட மட்டத்துக்கும் விழுந்த மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே.

−15 = 10 × நேரம் − 5 × நேரம்²

இதைத் தீர்த்தால் 3, −1 என இரண்டு விடைகள் வரும். எறிவதற்கு முந்தைய நேரத்தைக் குறிக்கும் −1 நமக்குத் தேவையில்லை. ஐயம் தீரவில்லையெனில் பிரித்துப் பாருங்கள்: 1 வினாடியில் பந்து 5 மீட்டர் ஏறுகிறது, அங்கிருந்து 20 மீட்டர் விழ 2 வினாடி ஆகிறது, ஆக மொத்தம் 3 வினாடி.

படி 4: இரு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் ஒன்றே. அதை மட்டும் இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்து 17.32ஆல் பெருக்கினால், பந்து ஏறத்தாழ 52 மீட்டர் தொலைவில் விழும் என்பது கிடைத்துவிடும்.

நெடுக்கத்துக்கான, அதாவது பொருள் கிடைத்தளத்தில் கடக்கும் மொத்தத் தொலைவுக்கான, சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. புறப்பட்ட மட்டத்திலேயே பொருள் விழும்போதுதான் அது செல்லும். இந்தக் கணக்கில் பயன்படுத்தினால் 34.6 மீட்டர் என்ற தவறான விடையையே தரும்.

இரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பதை நேரில் அறிய இரண்டு நாணயங்களும் ஓர் அளவுகோலும் போதும். மேசை விளிம்புக்கு வெளியே நீளும் அளவுகோலின் முனையில் ஒரு நாணயத்தையும், மேசைமேல் அளவுகோலை ஒட்டி விளிம்பருகே மற்றொன்றையும் வைத்து, அளவுகோலைச் சட்டெனப் பக்கவாட்டில் தட்டுங்கள். ஒன்று நேராகக் கீழே விழும். மற்றொன்று தொலைவில் போய் விழும். தரையில் மோதும் ஓசையோ ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்கும். கண்ணைவிடக் காதை நம்புவதே இதற்கு ஏற்றது.

பின்சேர்க்கை: உச்சியில் பந்தின் வேகம் சுழியா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வலப்பக்கம் மட்டுமே சுழி, இடப்பக்கத்தில் 17.32 அப்படியே இருக்கிறது, முடுக்கமும் −10ஆகவே இருக்கிறது.

காற்றுத்தடையைச் சேர்த்தால் இந்த முறை செல்லாது. வேகமாகச் செல்லும் பந்தின் மீதான தடை, அதன் மொத்த வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதால், ஒரு பக்கத்தின் வேகம் மறுபக்கத்தின் முடுக்கத்தை மாற்றிவிடுகிறது. அப்போது பயணத்தைச் சிறுசிறு நேர இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மொத்த வேகத்தைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டே செல்ல வேண்டும்.