மண்டப வாடகை, ‘வரி தனி’ என்றால் எவ்வளவு வரை பேசலாம்?

தங்கை வளைகாப்புக்குக் கையில் இருந்தது 60,000 ரூபாய். இலைக்கு 200 வீதம் 150 இலை என்று சமையல்காரரிடம் பேசியாகிவிட்டது: 30,000. வளையல், பூ, தாம்பூலப் பைக்கு 5,000. மண்டபத்துக்கு மிச்சம் 25,000. வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. அப்படியானால் வாடகை எவ்வளவு வரை பேசலாம்?

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், செயலியெல்லாம் வேண்டாம்.

முதலில், தெரியாத தொகைக்கு ஒரு பெயர். எக்ஸ் என்று வைத்தால் பாதிக் கணக்கில் அது எது என்று எனக்கு மறந்துவிடும். வாடகை என்பதால் ‘வா’.

அப்புறம் விஷயத்தை அப்படியே எழுதுங்கள். வாடகையும் அதன் மேல் வரியும் சேர்ந்து 25,000:

வா + 0.18 வா = 25,000

நான் சறுக்கியது இங்கேதான். 25,000-க்கு 18 சதவீதம் 4,500, அதைக் கழித்தால் 20,500 என்று முடித்துவிட்டேன். கைபேசிக் கால்குலேட்டரின் சதவீதப் பொத்தானும் அதையே காட்டியது. அதை நம்பி, 21,000 கேட்ட மண்டபத்தை வேண்டாம் என்றேன்.

வரி போடுவது வாடகைக்கு, 25,000-க்கு அல்ல. அந்த 25,000-க்குள் வரி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வெறும் ‘வா’ என்றால் 1 வா. அதோடு 0.18 வா சேர்ந்தால் 1.18 வா.

1.18 வா = 25,000
வா = 25,000 ÷ 1.18 = 21,186

சரிபார்ப்போம்: 21,000 × 1.18 = 24,780. விட்டுவிட்ட மண்டபம் கைக்கு அடங்கி, 220 ரூபாய் மீந்தும் இருக்கும். நான் பிடித்தது 20,000 ரூபாய் மண்டபம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு தங்கை படியேறியதை அம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறார். அந்தச் சதவீதப் பொத்தானை இந்தக் கணக்கில் தொடவே தொடாதீர்கள்.

சரி, 20,000-க்கு வரியோடு 23,600. இனி எத்தனை இலை போடலாம்? இலைக்கு ‘இ’:

200 இ + 5,000 + 23,600 = 60,000
200 இ = 31,400
இ = 157

ஏழு இலை கூடுதல். பெரியம்மா வீட்டாரையும் கூப்பிட்டோம்.

பின்சேர்க்கை: பில்லில் 9 சதவீதம்தானே இருக்கிறது, 1.09-ஆல் வகுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த வரியையும் பாருங்கள். சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9, இரண்டும் சேர்ந்துதான் 18. இன்னொருவருக்கு விடை 112.6 இலை வந்ததாம். 112 என்றே சொல்லுங்கள். 113 என்றால் கைக்காசு போடவேண்டி வரும்.