என்ஜின் மாற்றிய காரில் ஃபியூஸ் போகாமல் இருக்க

சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை, புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு மலையேறும்போது மட்டும் ஃபியூஸ் போகிறது என்று, என்ஜின் மாற்றிய காருடன் செங்கோட்டைப் பட்டறைக்கு வருபவர்கள் உண்டு. ஏற்றத்தில் இழுவை கூடும்போது என்ஜின் தன் மவுண்டிங்கில் ஒரு பக்கமாகச் சாய்வதால், இறுக்கிக் கட்டிய வயர் தகட்டின் விளிம்பில் உரசி, மேலுறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்புக் கம்பி காரின் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடுகிறது. ஆகவே என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே செல்லும் வயரில் நான்கு விரற்கடை தளர்வு விட்டு, தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, எக்ஸாஸ்ட் குழாயின் சூடு படாதவாறு விலக்கிக் கட்டுங்கள்.

புது வயரிங்கை முதன்முதலில் சோதிக்கும்போது, ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைக்கும்படி நான் வற்புறுத்துவேன். அந்த ஃபியூஸில் இயங்கும் கருவிகளின் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பும்போது பல்பு பிரகாசமாக எரிந்தால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஏறத்தாழ 2 ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது என்பதால் வயர் கருகாது. வயர்க்கட்டைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தொடும்போது பல்பு சிமிட்டுகிறதோ, பழுது அங்கேதான்.

நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதென்று பச்சை நிற 30 ஆம்பியரை மாட்டவே கூடாது. ஃபியூஸ் காப்பது வயரைத்தான், அது போகாவிட்டால் வயர் தீப்பற்றும். பெட்ரோல் பம்புக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் தனித்தனி ரிலேயும் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) ஃபியூஸும் கொடுங்கள். மேலே சொன்ன பல்புச் சோதனையைத் தவிர, ஒவ்வொரு முறையும் வயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.